ஒரு சொட்டுத் திராவகம்

பவுண் பச்சையாகப் பொங்கியது.

நமசிவாயம் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். நாளைக்கு மகன் கஜானனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்கு உருக்க வேண்டிய அந்தப் பவுணை அனுப்பியவர் கனடாவில் இருக்கும் மச்சான், மனைவி கேதீஸ்வரியின் அண்ணன். மச்சான்மேல் மாஸ்ரருக்கு என்றைக்கும் ஒரு சந்தேகம். கண்ணை நம்பாமல், பவுணைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரசாயனம் படிப்பித்த காலத்துப் போத்தலைத் திறந்து ஒரு சொட்டு விட்டிருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நைத்திரிக்கமிலம் என்பார்கள். மாஸ்ரருக்கு அது வெடியுப்புத் திராவகம்தான். முந்தி தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரித்ததும், செப்புத் தகட்டில் சித்திரம் அரித்ததும் இதுதான் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். தங்கத்தை அது தொடாது. மச்சானின் பவுணை நன்றாகவே தொட்டது.

ஒரு சொட்டை நம்பலாமா? முழுப் பவுணையும் கிளாசுக்குள் போட்டார். செம்மண்ணிறப் புகை கிளம்பியது. பிறகு பவுணைக் காணவில்லை.

"இஞ்சேருங்கோ, உதென்ன நாத்தம்?" கேதீஸ்வரி வந்துவிட்டாள்.

"நுளம்பு கடிக்குதெண்டு புகை போட்டனான்."

"விரல் ஏன் மஞ்சளாக் கிடக்கு?"

திராவகக் கறை. "நாளைக்கு மஞ்சள் அரைக்கவெண்டு எடுத்தனான்..."

"நல்லதாப் போச்சு, அரையுங்கோ!" என்று அம்மியைக் காட்டினாள்.

மாஸ்ரர் ஒரு மணித்தியாலம் அரைத்தார். கையைவிட மனம்தான் நொந்தது. 'என்ரை அண்ணை தந்த பவுண்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள். போலி என்று தெரிந்தால் தாங்கமாட்டாள், பாவம்.

அம்மியில் அவருடைய கலியாண மோதிரம் தட்டுப்பட்டது. முப்பத்திரண்டு வருடமாகக் கழற்றாதது. சவர்க்காரம் நுரைக்கத் தேய்த்து, தோல் உரிய இழுத்துக் கழற்றிக்கொண்டு, சைக்கிளில் முத்துக்குமாரு பத்தரின் நகைப்பட்டறைக்கு ஓடினார்.

"பத்தர், பவுணுக்குப் பதிலா இதை உருக்குங்கோ. மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ." நடந்ததைச் சொல்லி முடித்து மோதிரத்தை நீட்டினார்.

பத்தர் மோதிரத்தை வாங்கி, அவர் விரலிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

"மாஸ்ரர், பவுண் போன கிழமையே என்னட்டை வந்திட்டுது. நீங்கள் திராவகத்திலை போடாமல் விடமாட்டியள் எண்டு கேதீஸ்வரி அக்கா பெட்டிக்குள்ளை வைச்சது உங்கடை மகளின்ரை டான்ஸ் மாலையிலை கிடந்த போலிக் காசு. விரல் மஞ்சளானா அம்மியிலை இருத்துவன் எண்டும் சொன்னவ."