தண்ணீர் குடிக்காத சட்டை

"சார், முதுகைச் சொறியாதீங்க. மேனேஜர் வர்றார்" என்று டைப்பிஸ்ட் மெதுவாகச் சொன்னாள். கொள்முதல் அதிகாரி காலருக்குள் விட்டிருந்த ஸ்கேலை உருவி மேசைமேல் வைத்தார்.

பேருந்துக் கம்பெனியின் முந்நூறு ஓட்டுநர்களுக்கும் இனி ஹெம்ப் என்கிற நார்ச்செடித் துணியில்தான் சீருடை என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். ஒரு சட்டைக்கான பருத்தி இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், போதாக்குறைக்கு உரமும் மருந்தும் கேட்கும் என்று விளக்கியிருந்தார். ஹெம்ப் அப்படியல்ல. கஞ்சாவுக்குப் பங்காளிதான் என்றாலும் போதை தெரியாத சாது. கொஞ்சம் தண்ணீரில் களையை அமுக்கிவிட்டு மளமளவென்று வளரும்.

"அப்ப ஒரு வாரம் நீங்களே போட்டுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை முடிவு பண்ணலாம்" என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அரிப்பு ஆரம்பித்தது.

புதுத் துணி, துவைத்தால் சரியாகும் என்றாள் மனைவி. அன்று மாலை ஊறவைத்து அலசி, மறுபடி ஊறவைத்து அலசியதில் பதினாலு வாளி தண்ணீர் போனது. மிச்சம் பிடிக்கும் தண்ணீரெல்லாம் நம் வீட்டுக் குழாயிலேயே போய்விடும் போலிருக்கிறதே என்று அவளே அலுத்துக்கொண்டாள். செவ்வாயன்று சட்டை பூப்போல இருந்தது. அரிப்பு அப்படியேதான் இருந்தது.

புதன்கிழமை பவுடரைக் கொட்டிக்கொண்டார். அது வியர்வையில் குழைந்து இடுப்புவரை இறங்கியது. வியாழக்கிழமை, மைத்துனர் சொன்ன அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு, மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்தார்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஹெம்ப் சட்டை ஆளைக் கிறக்கும் என்று ஓட்டுநர்களிடையே பேச்சு பரவியது. யூனியன் தலைவர் மாடியேறி வந்து, இதைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினால் பயணிகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அதிகாரி நாற்காலியில் நெளிந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் வேலையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை தன் வாயாலேயே சொன்னார்: "பருத்தியே இருக்கட்டும் சார்."

ஆர்டர் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெருக்க வந்த அம்மா அவருடைய நாற்காலியை வெளியே இழுத்தாள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்.

"மொட்டை மாடிக்கு சார். மூட்டைப்பூச்சி மொய்க்குதுன்னு கிடங்குல ஒதுக்கி வெச்சிருந்த நாற்காலி இது. திங்கக்கிழமை யாரோ தெரியாம உங்களுக்குப் போட்டுட்டாங்க."