முயலுக்கு அரைப்பேர் போட்டவர்

கால்தடத்தைப் பார்த்து முயலுக்கு அரைநாள் சம்பளம் எழுதிய மனிதர் ஊவா மாகாணத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. மற்ற மாகாணங்களிலும் விசாரித்துவிட்டேன், இல்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அவருடைய மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்களுக்கெல்லாம் அவர் 'அரைப்பேர்'. தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தை முழுசாகப் பறித்தவருக்கு ஒரு பேர் விழும், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். நம்மவர் கங்காணியாக இருந்து காலமெல்லாம் பேர் போட்டுப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு எங்களோடு காட்டு மிருகங்களைக் கணக்கெடுக்க வந்தபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணால் பார்த்த மிருகத்துக்கு முழுப்பேர் போட்டார். கால்தடமோ புழுக்கையோ மட்டும் கிடைத்தால் அரைப்பேர்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்காவை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. பூங்கா அரசாங்கத்துடையது. பக்கத்துக் காட்டை ஊர்ச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சங்கத்து ஆட்களும் நாங்களும் குறித்த பாதைகளில் நடந்து, என்னென்ன மிருகம் இருக்கிறது என்று எழுதுவோம். அதைத் தொகுத்துக் கொழும்புக்கு அனுப்புவது பதுளைக் கந்தோரில் கோப்புப் பார்க்கும் என் வேலை. கொழும்பில் அதை வாங்கிப் பார்ப்பவர் பெரிய மிஸ். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

அரைப்பேரின் முதல் மாதக் கணக்கு போய்ச் சேர்ந்த அன்றே தொலைபேசி அடித்தது.

"மரைமான் இரண்டரை, முயல் மூன்றரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை முயல் முன்பக்கமா, பின்பக்கமா?"

நான் தொலைபேசியை அரைப்பேரிடமே கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்குங்க மிஸ். வேலைக்கி வந்திருக்கு, ஆனா மூஞ்சியக் காட்டல. அதுக்கு எப்புடிங்க முழுப்பேர் போடுறது? அப்பறம் மூஞ்சியக் காட்டுன முயலு கேள்வி கேக்காதா?"

சரி, அடுத்த மாதத்திலிருந்து முயல்களை ஒரே மாதிரி நடத்துங்கள் என்று சொல்லிப் பெரிய மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மிருகங்கள் மேல் அரைப்பேருக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. நாங்கள் நடக்கும் பாதைகளில் மேல் பாதை, தோட்டத்தின் மேல் டிவிசன் வழியாகப் போகிறது. அவர் பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, அங்கேதான் இருக்கிறது. மலை சரியும் என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டி, நல்ல காலமாக முன்கூட்டியே எல்லோரையும் இறக்கி, கீழே ரோட்டோரம் புது வீடுகளில் குடிவைத்துவிட்டார்கள். காலி லயத்துக்குள் காடு வந்தது. போகிற வழியில் கேட் போட்டுப் பூட்டினார்கள். அதன் பிறகு உள்ளே போக அனுமதி உள்ளவர்கள் கணக்கெடுப்பு ஆட்கள் மட்டும்தான்.

"நான் மிருகம் எண்ண வரல சேர். வீட்டப் பாக்க வாறேன். போற வழியில மிருகம் நின்னா எண்ணிர்றேன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கணக்கெடுப்பின் முதல் விதி சத்தம் போடக் கூடாது என்பது. அரைப்பேர் லயம் தெரியும் வளைவுக்கு வந்ததும் இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஓ... வாறோம்!" என்று கத்துவார். எதிர்மலையில் இருந்த பறவைகூட எழும்பிப் போய்விடும்.

"அண்ணே, சத்தம் போடக் கூடாது."

"லயத்துக்குள்ள சொல்லாம கொள்ளாம நொழையச் சொல்றீங்களா சேர்? பொம்பளைங்க இருக்கிற எடம்."

"அங்கே யாருமே இல்லையே அண்ணே."

"அதுக்காக?"

கதவே இல்லாத காம்பராக்களில், அந்த ஒற்றை அறை வீடுகளில்கூட, நிலையைத் தட்டிவிட்டுத்தான் தலையை நீட்டுவார். ராயப்பன் வீட்டு முற்றத்தைப் பன்றி கிளறிப் போட்டிருந்தால், "ராயப்பா, ஒன் வாசல நாறடிச்சிருச்சுய்யா!" என்று குரல் கொடுப்பார். அந்த நேரத்தில் ராயப்பன் ரோட்டோரப் புது வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசிக் காம்பரா அவருடையது. கூரைத் தகரம் பாதி போய்விட்டது. முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவர் மனைவி பிலோமினா அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் தன் கையால் பூசிய அடுப்பு அது. அரைப்பேர் போனதும் கூட்டுவார், சுள்ளி பொறுக்குவார், தேத்தண்ணி வைப்பார். "வீடுன்னா பொக வரணும் சேர்" என்பார். நாங்கள் கணக்கெடுக்கும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொள்வோம்.

இறங்கி வந்தால் பிலோமினா அக்கா வாசலில் நிற்பார். முழங்கால் வலி, அவரால் மலை ஏற முடியாது.

"அடுப்பு எப்புடி இருக்கு?"

"இருக்கு."

"வெடிச்சிருக்கா?"

"இல்ல. பத்த வச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார். ஒரு மாதத்துக்கு அது போதும் போலிருக்கும்.

இப்படிக் கத்தலும் புகையுமாக இருந்தால் கீரிப்பிள்ளைகூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. முதலில் கிடைத்த மரையும் முயலும் கீழ்ப் பாதைக்கு இடம் மாறிவிட்டன. மேல் பாதைக் கணக்கு மாதாமாதம் வெறுமையாகப் போனது. பெரிய மிஸ் கூப்பிட்டார். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பாதையை விட்டுவிடலாம், கேட்டுக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போடச் சொல்கிறேன் என்றார்.

அதை நான் சொன்னதும் அரைப்பேரின் முகம் சுருங்கிப் போயிற்று. "நீங்கள் கத்துவதாலும் அடுப்பு மூட்டுவதாலும்தான் மிருகம் வரவில்லை" என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டாரே தவிர வேறு வழியில் யோசித்திருக்கிறார்.

அடுத்த மாதம் மேல் பாதையில் முள்ளம்பன்றி முட்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, சீப்புப் பற்கள் மாதிரி அடுக்கியிருந்தன. அதற்கடுத்த மாதம் மான் புழுக்கை. அது நாங்கள் வந்த அதே பஸ்ஸில், அவருடைய மருமகளின் ஆட்டுப் பட்டியிலிருந்து, ஒரு சொப்பிங் பையில் வந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அதற்கும் அடுத்த மாதம் ஈர மண்ணில் சிறுத்தைக் கால்தடங்கள், ஒரே வரிசையில், அச்சு அசலாக ஒன்றுபோல.

"அண்ணே, எல்லாமே வலது முன்னங்காலா இருக்கே?"

"நொண்டிச் சிறுத்த சேர்."

"மத்த மூணு கால்?"

கொஞ்சம் யோசித்தார். "தூக்கிக்கிட்டுப் போயிருக்கும்."

பக்கத்துப் புதரில் பாதத்தின் வடிவத்தில் வெட்டிய பெரிய வெலிமடை உருளைக்கிழங்கு ஒன்று கிடந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. நான் அனுப்பிய கால்தடப் படத்தைப் பார்த்துப் பெரிய மிஸ் சிரித்த சிரிப்பு பதுளை வரைக்கும் கேட்டது. சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது. ஒரு தானியங்கிக் கேமரா அனுப்புகிறேன், லயத்துக்கு எதிர் மரத்தில் கட்டுங்கள், அதில் ஏதாவது வந்தால் பாதை இருக்கும், இல்லையென்றால் பூட்டு, இதுதான் கடைசி என்றார்.

கேமராவிடம் உருளைக்கிழங்கு செல்லாது என்பது அரைப்பேருக்குப் புரிந்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார்.

"காணாமப் போனதைத்தானே அண்ணே அந்தோனியார் கண்டுபிடிச்சுத் தருவார்? சிறுத்தை எங்கே காணாமப் போச்சு?"

"கேட்டப் பூட்டுனா நான் காணாமப் போயிருவேனே சேர்," என்றார்.

மெழுகுதிரியோடு நிறுத்தவில்லை. அதன் பிறகு நடந்த கணக்கெடுப்புகளில் அவர் கத்தவே இல்லை. வளைவில் கையைத் தூக்குவார், பிறகு கீழே போட்டுவிடுவார். அடுப்புப் பக்கம் போகவில்லை. தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிலாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தார். இறங்கி வந்த பிறகு பிலோமினா அக்கா பத்த வச்சீங்களா என்று கேட்டபோது, இல்ல என்று சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தோனியார் கேட்டுவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டார். கேமராவைத் திறந்தால், அவருடைய இஸ்தோப்பில் ஒரு பெண் சிறுத்தை படுத்திருக்கிறது, மடியில் இரண்டு குட்டிகள். நாலு காலும் சரியாக இருந்தன. அரைப்பேர் கந்தோரிலேயே ஆடினார். "எங் கடைசிப் பொண்ணும் அதே வீட்டுலதான் சேர் பொறந்தா! ராசியான வீடு!" பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், எங்க வீட்டுல சிறுத்த குட்டி போட்டிருக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. குட்டிகள் உள்ள இடம், இனி மேல் டிவிசனுக்குள் கணக்கெடுப்புக்குக்கூட யாரும் போகக் கூடாது. கேமராவைப் பார்த்து வர நானும் பூங்கா ஆள் ஒருவரும் மட்டும் போகலாம். எத்தனை நாளைக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

வழக்கமான நாளில் அரைப்பேர் சப்பாத்து மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார். நான் உத்தரவைச் சொன்னேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வளைவு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போயிர்றேனே சேர்?"

"முடியாது அண்ணே."

"இங்க நின்னு ஒரு கொரல் குடுக்கவா?"

கொடுக்கட்டும் என்றுதான் மனதுக்குள் இருந்தது. அவர் கைகளைக் குவித்தார். பிறகு, "வேணாம், குட்டிங்க தூங்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

இப்போது மேல் பாதையில் நானும் பூங்கா ஆளும் பூனை மாதிரி நடக்கிறோம். யாரும் கத்துவதில்லை, யாரும் ராயப்பனைக் கூப்பிடுவதில்லை. விதிப்படி எல்லாம் சரி. எனக்குத்தான் அந்தப் பாதை பிடிக்காமல் போய்விட்டது. வளைவுக்கு வரும்போதெல்லாம் காது தானாக அந்தக் குரலைத் தேடுகிறது.

முதல் தடவை எடுத்த படங்களைப் போனில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அரைப்பேர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சிறுத்தையை அல்ல, சுவரை.

"வெளக்கு மாட்டுற ஆணி இருக்கு பாரு."

"அடுப்பு எங்க?"

"அவ பின்னால."

பிலோமினா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். "இந்தப் புள்ளபெத்தவ ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தா என்னவாம்?"

"விடு. பெத்த ஒடம்பு, சூடா இருக்கும்னு அங்க படுத்திருக்கும்," என்றார் அரைப்பேர். அந்த அடுப்பில் நெருப்பு மூட்டி எவ்வளவு காலமாகிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த முறை போனபோது கேமராவை அவிழ்த்து, கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக் கட்டினேன். அதிலிருந்து வரும் படங்களில் சிறுத்தைக்கு வால் மட்டும் இருக்கிறது, அல்லது ஒரு காது. அடுப்பு முழுசாக இருக்கிறது. உங்களுக்கு ஒரு கேமரா கட்டத் தெரியவில்லையே என்று பெரிய மிஸ் மாதாமாதம் திட்டுகிறார். தெரியத்தான் இல்லை. அடுத்த மாதமும் தெரியாது.