அண்ணையின் அறுபதும் எகிப்துக் கலண்டரும்

அஜின்கோர்ட்,
எங்கள் பிறிட்ஜின்படி மார்ச் 19,
ஊருக்கெல்லாம் மார்ச் 21.

பிறம்ரனில் லொறிகளுக்கும் அண்ணிக்கும் நடுவில் சீரோடும் சிறப்போடும் வீற்றிருக்கும் அண்ணை தில்லையம்பலம் அவர்களுக்கு, தங்கை யோகமலர் காலில் விழுந்து, விழுந்தபடியே எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். பேஸ்மென்ற் மட்டும் சுகமில்லை, அதைக் கீழே சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கைகாட்டிவிட்டு வந்தவள், பிழை கண்டால் பெருமூச்சு விடாமல் வாசியுங்கள்.

அண்ணை, உங்கள் அறுபதாம் பிறந்தநாள் பூசைக்கு நான் வரவில்லை. ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்க வேண்டியவளே நான்தான். நேற்றிலிருந்து மூன்று தரம் போன் எடுத்தேன், நீங்கள் தூக்கவில்லை. கோபம் நியாயம். ஆனால் இந்த நாட்டில் எனக்கிருக்கிற ஒரேயொரு கூடப்பிறப்பு நீங்கள், நீங்களும் கதைக்காவிட்டால் நான் யாரைப் பகிடி பண்ணுவது? ஆகவே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுகிறேன். எகிப்துக்காரர்.

நடந்தது இதுதான். நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகள் அட்சயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பழைய எகிப்தைப் பற்றி ஒரு புரொஜெக்ற். பெப்ரவரி முதலாம் தேதி எகிப்துக் கலண்டர் வரைந்த பெரிய மட்டை ஒன்றைக் கொண்டுவந்து பிறிட்ஜ் கதவில் தொங்கிய கோயில் கலண்டருக்கு மேலே ஒட்டினாள். "அம்மா, எவ்ரி மந்த் தேர்ட்டி டேஸ்! ஸோ ஈஸி! நாங்கள் இப்பிடித்தான் இருக்கப்போறம்," என்றாள். கிழமைக்குப் பத்து நாளாம், மாதத்துக்கு மூன்று கிழமையாம். இதைக் கேட்டதும் இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அப்ப வெள்ளிக்கிழமை மரக்கறி பத்து நாளைக்கு ஒருக்காத்தானே? நல்ல சனம் அப்பா உந்த எகிப்துக்காரர்!" அன்றைக்கே ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். வருசத்துக்கு மூன்றே காலமாம்: ஆறு பெருகும் வெள்ளக்காலம், பயிர் முளைக்கும் காலம், அறுவடைக்காலம். (உங்கள் தலையில் அறுவடை முடிந்து இருபது வருசம் என்று இவர் சொன்னார், நான் சொல்லவில்லை.) விடியப்புறம் கிழக்கே ஒரு பெரிய நட்சத்திரம் எழும்பினால் ஆறு பெருகப்போகிறது, அதுதான் புதுவருசமாம். அதற்காக எங்கிருந்தோ ஒரு தங்கத் தாள் எடுத்து, நட்சத்திரம் வெட்டி, மட்டையின் உச்சியில் ஒட்டினாள். பத்தாம் நாள் பனி கரைந்து பேஸ்மென்றுக்குள் கணுக்காலளவு தண்ணீர். நான் வாளியோடு ஓடுகிறேன், இவர் படியில் நின்று, "வெள்ளக்காலம் வந்திட்டுது, புதுவருச வாழ்த்துக்கள்!" என்கிறார். குப்பைத் தொட்டியை எங்கள் கணக்குப்படி பிந்தித்தான் வெளியில் வைத்தோம், நாங்கள் தூங்க ரக்கூன்கள் அதில் மூன்று காலத்து அறுவடையும் செய்துவிட்டுப் போயின.

போனில் தேதி இருக்கே என்று கேட்பீர்கள். வீட்டில் ரோல்ஸ் சுட்டுக் கொடுக்கிறவளுக்குப் போனில் சமையல் பார்க்கவே நேரமில்லை. உங்கள் அழைப்பிதழையும் எங்கோ வைத்துவிட்டேன். ஆனாலென்ன, அண்ணையின் பிறந்தநாள் எனக்குத் தெரியாதா? பாஸ்போட்டில் மார்ச் 18 என்று இருக்கிறதே! பெப்ரவரிக்கு இருபத்தெட்டு நாளென்பதைத்தான் எகிப்து மட்டை மறைத்துவிட்டது. அதற்கும் முப்பது கொடுத்தோம், இரண்டு நாள் பின்னுக்குப் போனோம். நேற்றுக் காஞ்சிபுரம் கட்டி, ஆரத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிறம்ரன் கோயில் மண்டபத்துக்கு வந்தால், ஒரு தம்பி நிலம் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அன்ரி, இஞ்சை இண்டைக்கு ஒண்டும் இல்லை. முந்தநாள்தான் ஒரு பெரிய விசேசம் நடந்தது. வடை எல்லாம் மிஞ்சிக் கிடந்தது."

எனக்கு அழுகை முட்டியது. இவர் காதுக்குள்ளே, "இப்பவும் இருக்கோ எண்டு கேளும்," என்றார்.

ஆனால் அண்ணை, ஒரு வழி இருக்கிறது. எகிப்து வருசத்தில் பன்னிரண்டு முப்பது போக மிஞ்சுகிற ஐந்து நாளும் எந்த மாதத்துக்கும் சொந்தமில்லையாம், ஐந்து கடவுள்கள் பிறந்த நாளாம். உங்கள் பிறந்தநாளையும் அதற்குள் நெருக்கி உட்காரவைத்தால், அது எந்த மாதத்திலும் வரவில்லை, நானும் எதையும் தவறவிடவில்லை. யோசித்துப் பாருங்கள். யோசித்த பிறகு போனைத் தூக்குங்கள். நான் ஆரத்தித் தட்டை இன்னும் கழுவவில்லை.

அண்ணிக்கு என் அன்பு, உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு. அறுபது நூறாகட்டும், எந்தக் கலண்டரில் எண்ணினாலும்.

இப்படிக்கு,
எகிப்தால் கெட்ட தங்கை
யோகமலர்

பின்குறிப்பு: உறையை ஒட்டி முத்திரையும் குத்திய பிறகு அண்ணி போன் எடுத்தா. "மலர், உம்மடை அண்ணை போனை வோஷிங் மெசினுக்குள்ளை போட்டு நல்லாத் தோய்ச்சு எடுத்திட்டார், அதுதான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஏப்ரல் நாலு பூசைக்கு விடிய வெள்ளணவே வந்திடும், ஆரத்தி எடுக்கிறது நீர்தானே?" ஓடிப்போய் மட்டையிலிருந்த தங்க நட்சத்திரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். அதன் முதுகில் உங்கள் பெயரும் ஏப்ரல் 4 என்றும் இருக்கிறது. என் மகள் வெட்டினது உங்கள் அழைப்பிதழை! ஐயர் நாள் வைத்தது உங்கள் பிறந்த நட்சத்திரத்துக்கு, பாஸ்போட்டுக்கு அல்ல. மண்டபத்தில் மிஞ்சிக் கிடந்த வடை வேறு யாருடைய விசேசத்ததோ! எங்கள் பிறிட்ஜில் அன்றைக்கு மூன்றாம் தேதி என்று அட்சயா சொல்கிறாள், அதனால் நாங்கள் முதல்நாளே வந்து உங்கள் வீட்டில் படுக்கிறோம். மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உறையைப் பிரித்து இதை மட்டும் செருகினேன், கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. பத்திரமாக வையுங்கள், எழுபதுக்கு நான் வராவிட்டால் எடுத்து வாசிக்கலாம்.