பாலி – லோம்போக்: ஐம்பது நிமிடம்

மனித குலம் நேரத்தைச் சரியாக அளக்கக் கற்றுக்கொண்டது ஓசூரில்தான். எங்கள் கம்பெனியின் ‘பயணக் குழு’வுக்கு மினிட்ஸ் எழுதுபவன் என்ற முறையில், பொறுப்போடு சொல்கிறேன்.

விற்பனை இலக்கைத் தாண்டியதற்காக என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் இந்தோனேசியா போவதாக முடிவானது. பாலித் தீவிலிருந்து லோம்போக் தீவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? இதை ஆராய மூன்று மணி நேரம் கூட்டம் போட்டோம்.

“நேர்கோட்டுல நூத்தி இருவத்திரெண்டு கிலோமீட்டர்தான் சார்,” என்றார் கணக்குப் பிரிவு அனிதா.

“இருக்கட்டும் மேடம். ஏறணும், இறங்கணும், வானத்துல வழி உடணும். அம்பது நிமிஷம் போடுங்க,” என்றார் மனிதவள மேலாளர் விஜயகுமார். ஏர்போர்ட்டில் காத்திருக்க மூன்று மணி நேரம், களைப்பாற அரை நாள் சேர்த்து, ‘பயண நாள்’ என்று பெயரும் வைத்தார். மேசையைத் தட்டி வரவேற்றோம்.

அப்போதுதான் சம்பங்கி உள்ளே வந்தாள். பேக்கிங்கில் மூன்று வருட கான்ட்ராக்ட். அடுத்த மாதம் நிரந்தரம். மூன்று முறை லேட்டானால் வேலையிலிருந்தே பேர் நீக்கம் என்பது விதி. அன்று மூன்றாவது முறை, காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் லேட். விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருந்தோம்.

“சார், ராயக்கோட்டையில அஞ்சு மணிக்கே பஸ் ஏறிட்டேன். சானமாவுக் காட்டுல ஆனைங்க ரோட்டு மேல நின்னுக்கிச்சி. ஃபாரஸ்டுக்காரங்க பஸ்ஸ உடல.”

“எத்தனை யானை?” என்றார் விஜயகுமார்.

“ஏழு சார்.”

“குட்டியச் சேத்தா, சேக்காமலா?” அனிதா துல்லியத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

விஜயகுமார் பாரபட்சமே அறியாதவர். தீவுக் கணக்கையே எடுத்துக்கொண்டார். “நூத்தி இருவத்திரெண்டுக்கு அம்பது நிமிஷம். ராயக்கோட்டை நேர்கோட்டுல முப்பது. அப்ப பன்னெண்டு நிமிஷம். நீ ரெண்டு மணி நேரம் என்னம்மா பண்ணினே?”

“பஸ்ஸுல உக்காந்து அழுதுக்கினு இருந்தேன் சார்.”

‘தனிப்பட்ட காரணம்’ என்று நான் குறித்துக்கொண்டேன். பேர் நீக்கம் ஒருமனதாக நிறைவேறியது.

பயணம் இனிதே நடந்தது. திரும்புகிற அன்றுதான் எரிமலை புகைந்து, சாம்பல் பறந்து, விமானங்கள் நின்றன. ஐம்பது நிமிடப் பயணத்துக்கு லோம்போக்கில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். வந்ததும் குழு கூடியது.

“எரிமலைக்கு மெமோ குடுக்க முடியுமா?” என்று விஜயகுமார் கேட்டார். முடியாதுதான். இரண்டு நாளும் ‘ஆன் டூட்டி’ என்று தீர்மானம் போட்டோம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், கேட்டில் சம்பங்கி நிற்கிறாள். அடையாள அட்டையை ஒப்படைக்க முந்தாநாளே வரச் சொல்லியிருந்தோம். வாங்கிக்கொள்ள அதிகாரி யாரும் இல்லாததால் தினமும் வந்து போயிருக்கிறாள்.

“நீங்க எத்தினி நிமிசம் சார் லேட்டு?” என்றாள்.

கணக்கில் நாங்கள் புலிகளாயிற்றே. இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது என்று மனதுக்குள்ளேயே போட்டுவிட்டேன். எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் இல்லாத ஒரே எண் அதுதான்.