பஞ்சாமிர்தம் கலவையா, ரசாயனமா?

பெருமாள்மலையில் ரசாயன டீச்சர் கடையில் சாக்லேட் வாங்கியவர்களில், பரீட்சைக்கு உட்காராமல் தப்பித்தவர் என்று இந்தப் பூமியில் ஒருவரும் கிடையாது. பெரிய காரில் வந்தாலும் சரி, தேனிலவுக்கு வந்தாலும் சரி, கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் பொட்டலம் கைக்கு வரும். தப்பாகச் சொன்னாலும் சாக்லேட் உண்டு, கூடவே பாடமும் உண்டு. பாடம் முடிவதற்குள் கொடைக்கானல் போகிற வேன்காரர் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிடுவார்.

கேள்வி எப்போதும் ஒன்றேதான். கண்ணில் படுகிற எதையாவது காட்டி, "இது பௌதிக மாற்றமா, ரசாயன மாற்றமா?" என்பார். பொருள் உருவம் மாறி அதே பொருளாகவே இருந்தால் பௌதிகம். வேறு பொருளாகவே ஆகிவிட்டால் ரசாயனம். உலகத்தில் நடக்கிற எல்லாமே இந்த இரண்டு டப்பாவில் ஒன்றில் விழுந்தாக வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. எதிர்க்கட்சி என்று ஒன்று எங்கள் பெருமாள்மலை முக்கில் உருவாகவே இல்லை.

நான் அப்போது செல்போன் டவர்களின் ஜெனரேட்டர்களைக் கவனிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். டீச்சர் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஏப்ரன், அதற்கு மேல் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் கண்ணாடி. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் பெயர், ஊர், வேலை எதையும் கேட்கவில்லை.

"ஆவி போகுதே, அது என்னங்க?"

"பௌதிகம்" என்றேன்.

"கீழ வெறகு எரியுதே, அது?"

"ரசாயனம்."

"பெட்டி படுக்கையக் கொண்டாங்க" என்றார். எனக்கு முன்னால் வந்த ஒரு பேங்க் ஆபீசர் ஆவியை ரசாயனம் என்று சொல்லி, அறை கிடைக்காமல் போய்விட்டாராம். குளிரில் பாவம் எங்கே தங்கினாரோ தெரியாது.

ஒரு தடவை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், புது மனைவியோடு வந்தவன், கடையில் இருந்த கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டான். அது சிதறிப் போயிற்று. பையன் முகம் வெளுத்து, "சாரி மேடம்" என்றான். டீச்சர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஒடஞ்சது என்ன மாற்றம் தம்பி?"

"ரசாயனம்ங்க. இனிமே ஒட்டாதுல்ல?"

டீச்சர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் பெரிய பாடம் என்று அர்த்தம். "எல்லாரும் இந்த எடத்துலதான் வழுக்குறீக. திரும்பி வரலைங்கிறதுக்காக ரசாயனம்னு சொல்லிரக் கூடாதுங்க. இந்தா, துண்டு துண்டாக் கெடக்கு. ஒவ்வொண்ணும் கண்ணாடிதானே? வேற பொருளாவா போச்சு? ஒட்டுமா ஒட்டாதான்னு பாக்கக் கூடாது. அது அதுவாவே இருக்கான்னு பாக்கணும்."

புது மனைவி அதைத் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள். பையன் தலை தப்பித்தது என்று இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கிப் போனான்.

பிள்ளையார் கோயிலில் நடந்தது இன்னும் மோசம். பூசாரி தீபாராதனை காட்டிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் கையைக் கூப்பி நிற்கிறோம். டீச்சர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "டப்பாவுல வச்ச சூடம் தானாக் கரைஞ்சு காணாமப் போகுதே, அது பௌதிகம். தட்டுல எரியுதே, இது ரசாயனம். ஒரே சூடம், ரெண்டு விதி" என்று ரகசியமாகச் சொன்னார். டீச்சருடைய ரகசியம் வெளிப் பிராகாரம் வரை கேட்கும். பூசாரி தீபத்தைப் பாதியில் நிறுத்தி, "டீச்சர், சாமி பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார். "பாக்கட்டுமே, அவருக்கும் தெரியணும்ல" என்றார் இவர்.

சென்னைக்காரர் ஒருவர், வாங்கிப் போன சாக்லேட்டில் வெள்ளையாகப் பூத்துவிட்டது, பூசணம் பிடித்ததை விற்றுவிட்டீர்கள் என்று சண்டைக்கே வந்தார். டீச்சர் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து, அந்தச் சாக்லேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி, ஆற வைத்து, பழைய பளபளப்போடு எடுத்து அவர் கண் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "உள்ள இருந்த கொழுப்பு மேல வந்து நின்னுச்சு. அம்புட்டுதான். பூசணமா இருந்தா இப்படித் திரும்புமாங்க?" சென்னைக்காரர் மீதியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்த வேன் கிளம்பிப் போய் வெகுநேரமாகியிருந்தது.

இப்படி ஊரையே இரண்டாகப் பிரித்துப் போட்ட டீச்சர், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எந்த டப்பாவிலும் போடாமல் வைத்திருந்தார். அது அவருடைய வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் பழனிக்காரர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். டீச்சரின் அப்பா வடகவுஞ்சிப் பக்கம் விளைகிற மலைவாழைத் தார்களை அந்தக் கடைக்கு இறக்கிக்கொண்டிருந்தவர். தார் இறக்கப் போன இடத்தில் சம்பந்தமும் பேசிவிட்டார். டீச்சர் பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தபடி நல்லபடியாகத்தான் குடித்தனம் செய்திருக்கிறார். எல்லாம் ஒரு தைப்பூசம் வரைக்கும்.

அன்றைக்குக் கடையில் கூட்டம் நெரிய, டீச்சரும் கல்லாப் பக்கம் உதவிக்கு நின்றிருக்கிறார். பாதயாத்திரை வந்த ஒருவர், "இது கெட்டுப் போகாம இருக்குமாங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர், "வெறும் கலவைதாங்க. பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை. எதுவும் மாறாது. அப்படியே இருக்கும்" என்றார். டீச்சரால் அந்த இடத்தில் சும்மா நிற்க முடியுமா?

"கலக்குற வரைக்கும்தான் பௌதிகம். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் புளிக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் அது ரசாயனம்."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள்.

"என் கையில தண்ணி படாது" என்றார் வீட்டுக்காரர்.

"பட்டா?"

"படாதுங்கிறேன்."

"பட்டாங்கிறேன்."

இந்த இரண்டு வார்த்தையும் கடையில் ஆரம்பித்து, வீடு வரை போய், மாமியார் நடுவில் புகுந்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டன. டீச்சர் மலைக்கு பஸ் ஏறினார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போகட்டுமா என்று இவரும் கேட்கவில்லை. வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அப்பா வீட்டின் முன்பக்கத்தில் சாக்லேட் அடுப்பு வந்தது.

உலகத்தில் எத்தனையோ தம்பதிகள் எத்தனையோ காரணத்துக்குப் பிரிகிறார்கள். கலவையா ரசாயனமா என்ற தகராறில் பிரிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான் இருக்க முடியும்.

ஆனால் பிரிந்தார்களா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. மாதம் தவறாமல் பழனி பஸ் கண்டக்டர் பாண்டி அண்ணன் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டுவந்து கடை மேடையில் வைப்பார். கூடச் சேதி எதுவும் இருக்காது. டீச்சர் அதை மேல் அலமாரியில் வைத்து, "சோதனைப் பொருள். யாரும் தொடக் கூடாது. புளிக்குதா இல்லையான்னு பாக்கணும்" என்பார். தினமும் வெள்ளனே எழுந்து, நன்றாக உலர்ந்த கரண்டியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அடுத்த டப்பா வருவதற்குள் சோதனைப் பொருள் வழித்துத் துடைத்தாற்போல் தீர்ந்திருக்கும்.

"முடிவு என்ன டீச்சர்?"

"இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. அடுத்ததையும் பாக்கணும்."

பதிலுக்கு டீச்சர் ஒரு சாக்லேட் பெட்டியைக் கீழே அனுப்புவார். பழனி வெயிலில் அது என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? மறுநாள் பாண்டி அண்ணன் படியில் தொங்கிக்கொண்டே, "உருகிப் போச்சாம் டீச்சர்" என்று சேதி கொண்டுவருவார்.

"உருகுனாப் பௌதிகம்தான்னு சொல்லுங்க. ஃப்ரிட்ஜுல வச்சாப் பழையபடி ஆகிரும்னு சொல்லுங்க."

அடுத்த நாள் பாண்டி அண்ணன், "வச்சாராம். பழையபடி ஆயிருச்சாம்" என்பார். விதிவிலக்காக அன்று ஒரு நாள் மட்டும் டீச்சர் ஒருவரிடமும் கேள்வி கேட்க மாட்டார். எல்லோருக்கும் சாக்லேட் சும்மாவே கிடைத்தது போல இருக்கும்.

பழனி பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டால் டீச்சர் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கும் வரை நிற்பார். பிறகு மறுபடி ஏப்ரனை மாட்டிக்கொள்வார். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "டீச்சர், நீங்களும் சாரும் பிரிஞ்சு இருக்கிறது எந்த மாற்றம்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "அது சிலபஸ்ல இல்ல" என்றார்.

அதன் பிறகு பாண்டி அண்ணனுக்கு வேறு ரூட் போட்டுவிட்டார்கள். புதுக் கண்டக்டருக்கு டீச்சரையும் தெரியாது, சாரையும் தெரியாது. டப்பா வர வேண்டிய நாள் கடந்து போயிற்று. போன் போட்டுப் பாருங்கள் என்றேன். "சோதனைக்காகப் போன் போடுவாங்களாக்கும்" என்றார். இரண்டு பேருக்கும் போன் இருந்தது. இரண்டு பேருக்கும் வீம்பும் இருந்தது.

ஒருவழியாக டப்பா வந்தது. புதுக் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். டப்பா உப்பிப் போயிருந்தது. டீச்சர் மூடியில் நகத்தை வைத்ததும் அது தானே எகிறி விழுந்தது. நுரையும் புளித்த வாடையும் கடை முழுக்கப் பரவின. எதிர்க்கடை டீக்காரர் எட்டிப் பார்த்து, "டீச்சர், ஜெயிச்சுட்டீக" என்றார். எனக்கும் கைதட்டத் தோன்றியது. எத்தனை காலத்துத் தகராறு, இதோ பொங்கி வழிகிறதே.

டீச்சர் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது அவரு போட்டது இல்ல" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரு கையக் கழுவிட்டுத் துண்டால தொடைக்கக்கூட மாட்டாரு. துண்டுல ஈரம் இருந்துரும்னு, காத்துல ஆட்டி ஆட்டிக் காய வச்சுட்டுத்தான் பழத்தத் தொடுவாரு. அவரு கை பட்டிருந்தா இது புளிச்சிருக்காது. அவருக்கு என்னமோ ஆயிருச்சுங்க."

சொல்லிக்கொண்டே எழுந்தார். அதே பஸ் கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும் வரை பொறுக்கவில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிய வேனைக் கையை நீட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஏப்ரனோடு, மஃப்ளரோடு. என்னிடம், "அடுப்பப் பாத்துக்கங்க" என்று கூடச் சொல்லவில்லை. நான் வேன் போன திசையையே பார்த்து நின்றதில் சட்டியில் வெந்நீர் வற்றி, சாக்லேட் கரியாகிவிட்டது. கேட்க ஆள் இல்லாத அந்தக் கடையில் நானாகவே, "ரசாயனம்" என்று சொல்லிக்கொண்டு சட்டியைச் சுரண்டினேன்.

ஒரு வாரம் ஆயிற்று, டீச்சர் வரவில்லை. போன் செய்தால், "சோலி கெடக்குங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார். எங்கள் முக்கு நாறிப் போயிற்று. டூரிஸ்டுகள் வந்தார்கள், மற்றக் கடைகளில் வாங்கினார்கள், போனார்கள். வேன்கள் நேரத்துக்குக் கிளம்பின. அது யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து, போய் டீச்சரை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று என்னை அனுப்பிவைத்தார்கள். அவர்கள் அனுப்பாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

அடிவாரத்தில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம். வலது கை மடியில் சும்மா கிடந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. விழுந்து பல நாளாகியும், அவளுக்குச் சொல்லக் கூடாது, பாவப்பட்டு வரக் கூடாது என்று ஜாடையிலேயே தம்பியைத் தடுத்துவிட்டாராம். ஆனால் மலைக்கு டப்பா மட்டும் போயாக வேண்டும் என்று படுக்கையில் கிடந்தபடி ஒரே அடம். தம்பி அவசரத்தில் ஈரக் கையோடு பிசைந்து அனுப்பியதுதான் பொங்கிக்கொண்டு வந்தது.

டீச்சர் உள்ளே கையை ஆட்டி ஆட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். பாதியாகத் தெரிந்தார். "வாங்க. மலையில குளிரா?" என்றார். நான் கூப்பிட வந்ததைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு குடும்பம் வந்து நின்றது. அந்த அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஊருக்குப் போற வரைக்கும் கெடாம இருக்குமா?" என்று கேட்டார்.

டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுங்க. வெறும் கலவைதான். அப்படியே இருக்கும்" என்றார்.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்காரர் எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார். எழுத்து எழுத்தாக, இழுத்த வாயோடு, நெற்றி வியர்க்க வியர்க்கச் சொன்னார்.

"ர... சா... ய... னம்."

வாங்க வந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முதலில் அவர் வாயோரத்தைத் துடைத்தார். அப்புறம் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசாம இருங்க, யாவாரம் கெட்டுப் போகும்" என்று அதட்டினார். அவர் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார்.

நான் வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். டீச்சருக்கும் தெரிந்திருக்கும். "வெரசாப் போங்க, பஸ்ஸு வந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனாலும் மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பக்கத்தில் டீச்சர் இல்லை. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையை வேறு யாருக்கும் கொடுக்க மனசு வராமல், பையை அதில் வைத்து, ஆள் வருகிறது என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தேன்.