கூலிங் அண்ணன் கிழித்த ஜன்னல்

வெயிலுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் மதுரையிலேயே ஒருவர்தான். அவனியாபுரத்தில் கார் கண்ணாடிகளுக்குக் கூலிங் பேப்பர் ஒட்டிய அவரைக் கூலிங் அண்ணன் என்போம். சொந்தப் பெயரை அவரே மறந்திருந்தார்.

காலையில் பட்டறையைத் திறந்ததும் தரையில் விழும் வெளிச்சத்திடம், "வாங்க, இன்னைக்காவது மெதுவா வாங்க" என்பார். கறுப்புச் சட்டைக்காரர்களைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார். "அம்புட்டு வெயிலையும் குடிச்சிட்டு வந்து நம்ம மேல ஊதுவாய்ங்க."

எட்டாவதோடு ஊர்சுற்றக் கிளம்பிய நான், ஒரு சித்திரையில் அவரிடம் வேலைக்கு இருந்தேன். பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. பட்டறைக்குப் பின்னால் தகரச் சுவர், தகரக் கூரை, திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் கொண்ட அறையில் கிடந்தேன். அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். முதல் பிள்ளை தங்கவில்லை. மச்சானின் போனுக்காகக் காத்திருந்தேன். சார்ஜரை உருவினால் என் போன் அணைந்துவிடும். அண்ணனிடம் போனே கிடையாது.

நான் வேகுவதைப் பொறுக்காமல், வீடு கட்டினால் ஒட்டுவதற்கென்று வருடக்கணக்காகச் சுருட்டி வைத்திருந்த வெள்ளிப் பேப்பரை எடுத்து ஜன்னலில் ஒட்டினார். வெளிப்பக்கம் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் நின்று தலை சீவினார். உள்ளே நீலம் பரவி, கண்மாயின் அடியில் படுத்திருப்பதுபோல் இருந்தது. தூங்கிப்போனேன்.

நாலு மணிக்கு விழித்தால் போனில் ஒரு கோடுகூட டவர் இல்லை.

"அண்ணே, நீங்க ஒட்டுனதுலருந்து போன் செத்துக் கெடக்கு."

அண்ணன் பேப்பரை முறைத்தார். "வெயிலத் திருப்பி அனுப்புனது, போன் அலையவும் சேத்து அனுப்பிருச்சு மாப்ள. ரெண்டும் பங்காளிக."

பிளேடால் கட்டைவிரல் அளவு பேப்பரை வெட்டி எடுத்தார். வெளிச்சம் கம்பிபோல் வந்து என் மாவுக்கட்டில் விழுந்தது. போன் அசையவில்லை.

"வெளிச்சம் எறும்பு, சந்துல நுழைஞ்சிரும். இது யானை போலருக்கு. கதவையே தொறக்கணும்."

"வீட்டுக்கு வச்சிருந்த பேப்பருண்ணே."

"வீடு எங்கடா இருக்கு?"

ஒரே இழுப்பு. வெயில் மஞ்சளாகக் கொட்டியது. வெளியே மறுபடியும் தலை சீவிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், தன் முகம் இருந்த இடத்தில் அண்ணன் முகம் முளைத்ததும் சீப்பைக் கீழே போட்டார். போன் அடித்தது.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக. மத்தியானத்துலருந்து கூப்புடுறேன், எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றார் மச்சான்.

போனைக் குழந்தையிடம் பிடித்தார். அது அழுதது. நானும்தான். கண் கூசுகிறது என்று நினைத்த அண்ணன், ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் உடம்பின் ஓரமெல்லாம் பொன்னாக எரிந்தது.

"டவரு வருதா மாப்ள?"

வந்தது. அவரைத் தாண்டி வெயில் மட்டும்தான் வரவில்லை.