எங்கள் வீட்டுத் தார்ச்சட்டி

வேதியியல் படித்தவனுக்குச் சமையல் தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணிக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியது வேதியியல்தான். அமிலம் உலோகத்தை என்ன செய்யும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட நான்தான், பிரிந்திருந்த அக்காவும் தம்பியும் ஒன்றுசேர வேண்டிய நாளில், ஒரு சட்டி நல்ல குழம்பைக் கெடுத்தேன். குழம்பு கெட்டதுகூடப் பெரிதில்லை. அதற்கு அடுத்த சில நிமிடங்களில் நான் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

எல்லாம் வாட்ஸ்அப்பில் தொடங்கியது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களுக்கு நடுவே தினமும் ஒரு நோயும் வந்து சேரும். அலுமினியத்தில் சமைத்தால் ஞாபக மறதி வரும் என்று ஒருவர் போட்டார். (அதையே மறுநாளும் அவரே போட்டார்.) நான்ஸ்டிக்கில் கீறல் விழுந்தால் ஆபத்து என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நுழைந்தேன்.

என் மனைவி பச்சையம்மாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க தேடறீங்க?"

"சோதிக்கிறேன்."

"இன்னாத்த?"

"நாம் எதில் சாப்பிடுகிறோம் என்பதை."

"தட்டுலதாங்க" என்றாள்.

மகன் வாங்கிக் கொடுத்திருந்த நான்ஸ்டிக் தவாவில் கறுப்புப் பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டேன். அது சரியான செயல்தான், அன்று நான் செய்த ஒரே சரியான செயல். பிறகு அலுமினியச் சட்டிகள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். மிச்சமிருந்தவை இரண்டு மண்சட்டிகள், சில எவர்சில்வர் பாத்திரங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழையதை ஒழித்தால் மட்டும் போதுமா, புதியதாக ஒன்றைக் கொண்டுவந்தால்தானே சீர்திருத்தம்? பச்சையம்மாளுக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரும்புச் சட்டியில் சமைத்தால் இரும்புச்சத்து உணவிலேயே இறங்கும். மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம். வேலூருக்குப் புறப்பட்டேன்.

பாத்திரக் கடைக்காரர் காட்டியதில் இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன். இரண்டு காதுகளுடன், ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்கிற அகலத்தில் இருந்தது. புதுச் சட்டியைக் கழுவி எண்ணெய் காட்டிப் பழக்குவதைப் பற்றிக் கடைக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "நான் கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க" என்றேன். பாவம், அதோடு நிறுத்திக்கொண்டார். பேருந்தில் மேலே வைக்க இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் சட்டி ஒரு பக்கம் போகும், நான் அதன் பின்னால் போவேன். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா வாத்தியாரே, தார்ச்சட்டி எல்லாம் எட்துனு போறீங்க? ரோடு போட காண்ட்ராக்ட் கெடச்சிதா?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. அறியாமை என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கே என் மைத்துனன் காளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சையம்மாளின் ஒரே தம்பி. கீழே சந்தவாசலில் இருக்கிறான். அவர்கள் அம்மாவின் நிலத்தைப் பிரித்தபோது வரப்பில் நின்ற புளியமரம் ஒன்று யார் பக்கமும் இல்லாமல், இரண்டு பக்கமும் கிளை விரித்து நின்றது. அதை யார் உலுக்குவது என்று வாய்த்தகராறு வந்தது. அது ஆறுவதற்குள், எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் சாப்பிட்டுவிட்டுப் போன காளி வயிற்றுவலியில் படுத்துவிட்டான். (ஒரு பலாப்பழத்தில் முக்கால்வாசியை அவன் ஒருவனே தின்றதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) அவன் மனைவி ராணி, "நாத்தனார் வூட்டுல இன்னாவோ போட்டுக் குடுத்துட்டாங்க" என்று ஊரில் சொல்லிவிட்டாள். சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்கிற பேச்சு எங்கள் பக்கம் சாதாரணப் பழி இல்லை. அன்றிலிருந்து பச்சையம்மாள் அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒரு கிண்ணம் குழம்புகூடக் கொடுக்கமாட்டாள். "எதுக்குங்க, அப்பறம் எதுனா சொல்வாங்க" என்பாள். சில வருடங்கள் இப்படியே போயின.

காளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடக்கும்? ஒரு நாள் பேருந்தில் ஒரு மூட்டை புளி வந்தது. அந்த வரப்பு மரத்துப் புளி. பின்னாலேயே போன் வந்தது. "அக்கா, ஞாயித்துக்கெழம நானும் ராணியும் வர்றோம். அந்தப் புளியில கொழம்பு வெச்சி வையி."

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். கோபித்துக்கொண்டவன் வந்து கை நனைத்துவிட்டால் தகராறு தீர்ந்தது, பஞ்சாயத்து தேவையில்லை. இலையில் உட்கார்ந்தும் கை நனைக்காமல் எழுந்தால் அதற்குப் பிறகு பேச எதுவுமே இல்லை. பச்சையம்மாளுக்கு அன்று வேண்டியிருந்தது தம்பி மட்டுமல்ல. தன் கைச்சோறு சுத்தமானது என்று ஊர் அறிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமைச்சோறும், மண்சட்டியில் கத்தரிக்காய் புளிக்குழம்பும் வைத்தாள். எண்ணெய் மிதந்து, செக்கச்செவேல் என்று இருந்தது. ருசி பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வீட்டில் நானும் குழம்பும் என் இரும்புச் சட்டியும் தனியாக இருந்தோம்.

ராணியும் வெளுத்துத்தான் இருப்பாள், அவளுக்கும் இரும்புச்சத்து நல்லது என்று தோன்றியது. இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும் என்றும் தோன்றியது. சட்டியைத் துணியால் ஒரு துடை துடைத்தேன். குழம்பை அதில் ஊற்றினேன். விறகடுப்பில் தணலைக் கூட்டி அதன் மேல் ஏற்றி, மூடினேன். காலி மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். (வீட்டு வேலைகளில் உதவி செய்கிற கணவன்.)

குளித்துவிட்டு வந்தவள், "இதுல ஏங்க மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

"சூடாயிருக்கும்."

அவசரத்தில் இருந்தாள். புடவை மாற்றப் போய்விட்டாள்.

மலைப்பாதை வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் பேருந்து வெகுநேரம் வரவில்லை. அவ்வளவு நேரமும் புளியும் இரும்பும் மூடிக்குள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. நானோ வாசலில் நின்று பேருந்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். "வாங்க", "வரோம்" என்பதைத் தாண்டிப் பேச்சு எழவில்லை. ராணி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். காளி என்னிடம், "இன்னா மாமா, நல்லாக்கிறீங்களா?" என்றான். இலை போட்டாயிற்று. வெள்ளை வெளேரென்று சாமைச்சோறு வந்தது. நடுவில் குழி செய்துகொண்டு காளி காத்திருந்தான். பச்சையம்மாள் முதல் கரண்டி குழம்பை மொள்ளும்போதே தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குழம்பைப் பார்க்கவில்லை. அவன் இலையிலும் ராணியின் இலையிலும் ஊற்றினாள்.

ராணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி இது?"

கறுப்பு. மிளகுக் குழம்பின் கறுப்பு இல்லை. ரோடு போடுகிறவர்கள் கொதிக்க வைப்பார்களே, அந்தக் கறுப்பு. கத்தரிக்காய்கள் கரித்துண்டுகளாகக் கிடந்தன. புதுச் சட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் மெஷின் எண்ணெயை நான் கழுவவே இல்லையே, அது மேலே வானவில் மாதிரி மினுமினுத்தது. வாசனை சைக்கிள் கடை வாசனை. விஷத்தைப் படம் வரையச் சொன்னால் எந்த ஓவியனும் இதைத்தான் வரைவான்.

பச்சையம்மாள் கரண்டியையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரும்பில் புளிக்குழம்பு வைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் வெக்க சொல்ல செவப்பாதான் இருந்துச்சி, ராணி."

"செவப்பா வெச்சது எப்டி அண்ணி கறுப்பாவும்? அதுவா ஆவுமா?"

"எனக்குத் தெரியலயே..."

எனக்குத் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. புளியின் அமிலமும் துவர்ப்பும் இரும்பைக் கரைத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் அப்படித்தான் இங்க் செய்தார்கள் என்று வகுப்பில் செய்தே காட்டியிருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் கெமிஸ்ட்ரி வாத்தியார் மைத்துனன் இலையில் இங்க் ஊற்றினார் என்று ஆகிவிடும். நான் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தேன். அது ஓடக்கூட இல்லை.

காளி இலையிலிருந்து கையை எடுத்தான். எழுவதற்காகக் காலை மடக்கினான்.

பச்சையம்மாள் அழவில்லை. ராணியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, அந்தக் கறுப்பை மேலே ஊற்றிப் பிசைந்தாள். "பாரு, நானே துன்றேன். எதுனா ஆவட்டும், எனக்கே ஆவட்டும்" என்று ஒரு கவளத்தை வாயில் போட்டாள். முகம் கோணியது. விழுங்கினாள். இரண்டாவது கவளத்தை எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "துன்னாத! அது நான்! நான்தான் செஞ்சேன்!" என்று கத்தி, தட்டைப் பிடுங்கினேன்.

ராணி என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களா மருந்து வெச்சீங்க?"

"மருந்து இல்லம்மா. இங்க்."

"இங்க்கா?" என்றான் காளி.

விளக்கினேன். அமிலம், இரும்பு, துவர்ப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் பாடம் நடத்தியதே இல்லை. ராணிக்கு நம்பிக்கை வரவில்லை. "பொண்டாட்டிய வுட்டுக் குடுக்காம பேசறாரு" என்று காளியிடம் முணுமுணுத்தாள். அந்தப் பாராட்டுக்கு நான் கொஞ்சமும் தகுதியில்லாதவன்.

"செஞ்சே காட்றேன்" என்றேன். சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். அவர்கள் மூட்டையிலிருந்தே புளி எடுத்துக் கரைத்து, அடுப்பில் ஏற்றினேன். எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டேன். வந்தார்கள். அடுப்பைச் சுற்றி நின்றார்கள். புளித்தண்ணீர் பழுப்பாகவே இருந்தது.

"இப்ப கறுக்கும்" என்றேன்.

கறுக்கவில்லை.

"கொஞ்சம் நேரம் ஆவும்."

"ரோடு போடறதுன்னா சும்மாவா மாமா" என்றான் காளி. (கண்டக்டரும் இவனும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.) பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அவனுக்கும் வந்தது. அக்கா தம்பி இருவருக்கும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல் தோள் குலுங்கும் சிரிப்பு. "மரம் இந்த வருசம் நல்லா காய்ச்சிதாடா?" என்று அவள் கேட்டாள். "உன் பக்கத்துக் கெளையிலதாங்கா ஜாஸ்தி" என்றான். மாப்பிள்ளை என்ன செய்கிறான், புடவை எங்கே எடுப்பது என்று பேச்சு போனது. நான் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். யாரும் சட்டியைப் பார்க்கவில்லை.

"அக்கா, பசிக்குது. அது கறுக்குதோ வெளுக்குதோ, எனக்கு மோரு ஊத்து" என்றான் காளி. அங்கேயே தரையில் உட்கார்ந்தான். புது இலையில் சோறு போட்டு, மோர் ஊற்றினாள். அவன் கை நனைத்தான்.

ராணி மட்டும் சட்டியை விட்டு நகரவில்லை. திடீரென்று, "ஏங்க! கறுக்குதுங்க! நெசமாவே கறுக்குது!" என்று கூவினாள். காளி வாய் நிறையச் சோற்றோடு, "அப்டியா" என்றான். கரண்டியை வாங்கி அந்தக் கறுப்பை அவளே ஒரு கிண்டு கிண்டிப் பார்த்தாள். பிறகு பச்சையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் அப்ப ஒண்ணு சொல்லிட்டேன்..."

"மோரு உப்பு போதுமா பாரு" என்றாள் பச்சையம்மாள்.

அந்தச் சட்டி இப்போதும் இருக்கிறது. நன்றாகக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடேற்றி, பல நாள் பழக்கிய பிறகு அது நல்ல சட்டியாகிவிட்டது. வறுப்பதற்கும் தாளிப்பதற்கும் அதைப் போல் வேறில்லை. எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வரும். புளியும் தக்காளியும் மண்சட்டியிலோ அடிகனமான எவர்சில்வரிலோதான். பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், இதில் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தக் கேள்வியை அன்று நான் பச்சையம்மாளிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் சமைக்கும் பாத்திரத்தை அவளைக் கேட்காமல் மாற்ற எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜாதி சனத்துக்கு எல்லாம் அது 'வாத்தியார் தார்ச்சட்டி'. கல்யாணப் பந்தலிலேயே காளி அந்தக் கதையைச் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிவிட்டான். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது, "அக்கா, மாமா அடுப்படிக்கு வெளியதான இருக்காரு?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பச்சையம்மாள் அந்தக் கதைக்கு அவ்வளவாகச் சிரிப்பதில்லை. அன்று அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "கொழம்பு போனா போவுதுங்க. ராணி கேக்க சொல்ல நீங்க மேல இன்னா பாத்துனு இருந்தீங்க?"

"ஃபேனை" என்றேன். அன்றிலிருந்து, மின்கட்டணம் கட்டினேனா, மாத்திரை போட்டேனா என்று அவள் ஏதாவது கேட்டு நான் மழுப்பினால், "ஃபேனு ஓடுதா, பாருங்க" என்கிறாள். பேரப்பிள்ளைகள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துவிட்டு, இதில் என்ன வேடிக்கை என்று விழிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுவேன்.